ரிப்போர்ட்பக் என்றால் என்ன? வழுவைப் புகார் செய்யும்போது எந்த ஆப்ஷன் போடணும்?

லினக்ஸ் லேப்டாப்பில் தமிழில் டைப் செய்யும்போது கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்குதா? ரீஸ்டார்ட் செய்தாலும் இந்த வழு போகாது. மென்பொருளைப் பராமரிப்பவர் கவனத்துக்குப் போனால்தான் சரியாகும். டெபியன் லினக்ஸில் அதற்கான டெர்மினல் கருவிதான் ‘ரிப்போர்ட்பக்’.

தமிழ்நாட்டுக்கு இது ஏன் முக்கியம்?

2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. சி-டாக் உருவாக்கிய பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. நெல்லை பேட்டையில் ம.தி.தா. இந்துக் கல்லூரி, அரசு ஐடிஐ என்று படிக்கிற பிள்ளைகள் நிறைய. தமிழில் டைப் செய்யும் மாணவருக்குத்தான் தமிழ் வழு முதலில் கண்ணில் படும். அவர் சொல்லாவிட்டால் தமிழ் தெரியாத டெவலப்பருக்கு அது தெரிய வாய்ப்பே குறைவு.

எப்படி வேலை செய்கிறது?

டெர்மினலில் ரிப்போர்ட்பக், அடுத்து பேக்கேஜ் பெயர் டைப் செய்யணும். (இங்கே தமிழில் தந்துள்ள கட்டளைகளை ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள்.) ஏற்கெனவே வந்த புகார்களை அது காட்டும். உங்கள் வழுவும் அதில் இருந்தால் புதிதாக அனுப்ப வேண்டாம். இல்லையென்றால் பேக்கேஜ் பதிப்பு, கெர்னல், மொழி அமைப்பு ஆகியவற்றை அதுவே சேர்த்து மெயிலாக அனுப்பும். புகாரை எளிய ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது.

ஆப்ஷன் ஏன் சேர்க்கணும்?

டெபியனுக்குப் போகும் வழுப் புகார் ரகசியம் இல்லை. உங்கள் மெயில் முகவரியோடு இணையத்தில் எல்லோருக்கும் தெரியும், பொதுவாக நீக்கவும் மாட்டார்கள். நீங்கள் மாற்றிய கான்ஃபிகரேஷன் ஃபைல்களும் புகாரோடு போகலாம். அதில் பாஸ்வேர்டு இருந்தால்? எனவே, அனுப்பும் முன்பே இந்த ஆப்ஷன்களைத் தெரிந்து வைத்திருக்கணும்:

▪ --நோ-கான்ஃபிக்-ஃபைல்ஸ்: கான்ஃபிகரேஷன் ஃபைல்களைச் சேர்க்காது.

▪ --நோ-பக்-ஸ்கிரிப்ட்: சில பேக்கேஜ்கள் தனி ஸ்கிரிப்ட் மூலம் கூடுதல் விவரம் சேகரிக்கும். அதை நிறுத்தும்.

▪ --பாரனாய்ட்: அனுப்பும் முன் முழு மெயிலையும் காட்டும்.

▪ --அவுட்புட்: மெயில் அனுப்பாமல், நீங்கள் சொல்லும் ஃபைலில் புகாரைச் சேமிக்கும். யாரிடமாவது காட்டிச் சரிபார்க்க வசதி.

▪ --அட்டாச்: ஸ்கிரீன்ஷாட் போன்ற ஃபைலை இணைக்கும். கொம்பு தள்ளி நிற்பதைப் பத்து வரியில் விளக்குவதைவிட ஒரு படம் போதும்.

▪ --ஃபைல்நேம்: பேக்கேஜ் பெயர் தெரியாவிட்டால், ஃபைல் பெயரை வைத்து எந்த பேக்கேஜ் என்று கண்டுபிடிக்கும்.

▪ --சிவியாரிட்டி: வழு எவ்வளவு தீவிரம்? ‘கிரிட்டிக்கல்’ முதல் ‘விஷ்லிஸ்ட்’ வரை 7 நிலைகள். சீக்கிரம் பார்க்கட்டும் என்று சும்மா ‘கிரிட்டிக்கல்’ போட வேண்டாம்.

▪ --டேக்: மொழி தொடர்பான வழு என்றால் ‘எல்10என்’ என்று குறிக்கலாம்.

உதாரணமாக, லிப்ரேஆபீஸில் எழுத்து சிதறினால்: ரிப்போர்ட்பக் --நோ-கான்ஃபிக்-ஃபைல்ஸ் --பாரனாய்ட் லிப்ரேஆபீஸ்-ரைட்டர்.

--கான்ஃபிகர் கொடுத்தால் உங்கள் பெயர், மெயில் போன்ற அமைப்புகள் ஹோம் ஃபோல்டரில் சேமிக்கப்படும். மெயில் பாஸ்வேர்டை மட்டும் அந்த ஃபைலில் எழுதி வைக்காதீங்க.

நமக்கு வேண்டிய ஆப்ஷன் இல்லையென்றால்?

ரிப்போர்ட்பக்கும் ஒரு பேக்கேஜ்தான். அதன் மீதே புகார் கொடுக்கலாம். ‘ரிப்போர்ட்பக் ரிப்போர்ட்பக்’ என்று டைப் செய்து, நிலையை ‘விஷ்லிஸ்ட்’ ஆக்கி, எந்த ஆப்ஷன் வேண்டும், எதற்கு என்று எழுதணும். இது பைத்தானில் எழுதப்பட்ட ஓப்பன் சோர்ஸ் கருவி. பைத்தான் தெரிந்த மாணவர் தானே கோடு எழுதி, ‘பேட்ச்’ என்ற டேக் போட்டு அனுப்பலாம். இரண்டு விஷயம் கவனிக்கணும்: புதிய ஆப்ஷனைப் போடாதவர்களுக்குப் பழைய நடைமுறை மாறக் கூடாது, உதவிப் பக்கத்திலும் அதன் விளக்கம் இருக்கணும்.

பாஸ், உபுண்டு பயன்படுத்துபவர்கள்?

பாஸில் வரும் வழுவை முதலில் சி-டாக்கிடம் சொல்லணும். அதே வழு டெபியனிலும் இருப்பது உறுதியானால் மட்டும் டெபியனுக்கு அனுப்பலாம். உபுண்டுவில் ‘உபுண்டு-பக்’ என்ற கட்டளை உண்டு. அந்தப் புகார் லாஞ்ச்பேட் தளத்துக்குப் போகும்.

அனுப்பிய பிறகு?

வழு எண் மெயிலில் வரும். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் விவரம் கிடைத்தால் புதுப் புகார் வேண்டாம், அதே எண்ணில் சேர்த்தால் போதும். டெபியனின் வழு எண் 2021 நவம்பரிலேயே 10 லட்சத்தைத் தொட்டுவிட்டது. இவ்வளவு பெரிய குவியலில், பதிப்பும் படமும் சரியான டேக்கும் உள்ள புகாரைத்தான் பராமரிப்பவர் எளிதாகப் புரிந்து சரிசெய்ய முடியும்.

இன்னொன்று: --குடோஸ் என்ற ஆப்ஷனும் இருக்கு. அது புகார் அனுப்பாது. பேக்கேஜைப் பராமரிப்பவருக்குப் பாராட்டு மெயில் அனுப்பும். வழு சரியானதும் அதையும் பயன்படுத்திப் பாருங்க.