கள்ளுக்கடை மறியலிலிருந்து பாடத்திட்டம் வரை: கெடா இளைஞர் தொண்டின் வரலாறு (1946–2019)

ஆய்வுச் சுருக்கம்

மாணவர் தொண்டூழியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தொண்டு செய்பவரின் நோக்கத்தையும் அவர் அடைந்த பயனையுமே அளக்கின்றன. கெடாவின் தோட்டங்களையும் நகரங்களையும் ஒட்டி வளர்ந்த தொண்டு வடிவங்களை இக்கட்டுரை கால வரிசையில் நோக்குகிறது. பயன்பெற்றவர் பின்னாளில் தாமே தொண்டராக வருகிறாரா என்பதையும் ஓர் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என வாதிடுகிறது.

1. தோட்டத்துத் தொண்டர் படை

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை உருவானது. அதில் சேர்ந்தவர்கள் மாணவர்கள் அல்லர்; லயங்களில் வாழ்ந்து பால்மரம் சீவிய இளைஞர்கள். இவர்களுக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஜப்பானியர் ஆட்சியின்போது இந்திய தேசிய இராணுவம் தோட்டப் பிள்ளைகள் பலருக்கு அணிவகுப்பையும் கட்டொழுங்கையும் பழக்கியிருந்தது. 1929இல் பெரியார் மலாயா வந்ததையொட்டி வலுப்பெற்ற சுயமரியாதைச் சிந்தனையும் தோட்டங்களை எட்டியிருந்தது.

படையின் முதல் இலக்கு கள். உழைத்த கூலி தோட்டத்தை விட்டு வெளியேறும் முன்பே கள்ளுக்கடையில் கரைந்தது. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங் கள்ளுக்கடை முன் நடந்த மறியலைக் காவல்துறை தடியடி நடத்திக் கலைத்தது. காயமுற்ற தொழிலாளி ஒருவர் இறந்தார். அதையடுத்து வேலைநிறுத்தங்களும் கைதுகளும் கெடாவில் பரவின. 1948 ஜூனில் அவசரகாலம் பிறந்தபின் இத்தகைய அமைப்புகளுக்கு இடமில்லாமல் போயிற்று.

இங்கே தொண்டு செய்தவரும் பயன்பெற்றவரும் ஒரே லயத்தார். பிறர்மீது கொண்ட இரக்கத்தைவிடத் தம் வீட்டு மானமே அவர்களை இயக்கியது. இந்த நெருக்கத்துக்கு மறுபக்கமும் உண்டு. குடித்தவரைத் தண்டிக்கும் அதிகாரத்தையும் படையினர் தாமே எடுத்துக்கொண்டனர்.

2. மன்றமும் தெருவும்

1950களில் தொண்டு வேறு உருவில் தலையெடுத்தது. கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ நாளிதழ் மாணவர்களுக்கென ஒதுக்கிய பக்கங்கள் தமிழ் இளைஞர்களின் மணிமன்ற இயக்கத்துக்கு வித்திட்டன. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்காக அவர் முன்னெடுத்த ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்குத் தொழிலாளர்களும் தம்மால் இயன்றதைத் தந்தனர். பல்கலைக்கழக வாசலை மிதித்திராதவர்கள் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுத்தார்கள். அந்தக் கடன் பின்னர் வேறு வகையில் திரும்பியதை அடுத்த பகுதியில் காணலாம்.

மாணவர் இயக்கத்தின் போக்கை மாற்றிய நிகழ்வு ஒன்றும் கெடாவிலேயே தொடங்கியது. 1974இன் இறுதியில், ரப்பர் விலை வீழ்ச்சியால் வாடிய சிறுதோட்டக்காரர்கள் பாலிங்கில் திரண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். அவர்களுக்கு ஆதரவாக டிசம்பர் 3ஆம் நாள் கோலாலம்பூரில் ஆர்ப்பாட்டம் செய்த மாணவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாகினர். பல்கலைக்கழகச் சட்டம் 1975இல் திருத்தப்பட்டு, மாணவர்கள் அரசியல் கட்சிகளோடும் வெளி அமைப்புகளோடும் கொள்ளும் தொடர்பு இறுக்கப்பட்டது. அதன்பின் சமூக அக்கறைக்குப் பாதுகாப்பான வழியாக மிஞ்சியது கல்வித் தொண்டு.

3. டியூஷன் வகுப்பு

வரலாற்று விரிவுரையாளர் எம். தம்பிராஜா 1982இல் மலாயாப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு, டியூஷன் வகுப்புகள் நடத்தும் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். தமிழ்ப்பள்ளி முடித்த பிள்ளை, மலாய்மொழி இடைநிலைக்கல்வியைத் தொடங்கும் முன் பெரும்பாலும் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழிக்க வேண்டியிருந்தது. தோட்டப் பிள்ளைகளில் பலர் சறுக்கிய இடம் அது. வார இறுதியில் பல்கலைக்கழக மாணவர் வந்து கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தபோது, பிள்ளைகளுக்குப் பாடத்தோடு இன்னொன்றும் கிடைத்தது. நம்மைப் போன்ற ஒருவர் அங்கே படிக்கிறார் என்ற கண்கூடான சான்று அது. கோயில் வழிபாட்டோடு நடக்கும் கல்வி யாத்திரை போன்ற நிகழ்ச்சிகள், தேர்வைக் குடும்பமே சேர்ந்து ஏற்கும் நேர்த்திக்கடனாக ஆக்கின. வகுப்பில் படித்தவர்கள் பல்கலைக்கழகம் சென்றபின் ஆசிரியராகத் திரும்பி வந்ததே இம்முறையின் உயிர்நாடி.

இதே காலத்தில் ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன. குடும்பங்கள் சுங்கைப் பட்டாணி, கூலிம் போன்ற நகரங்களின் ஓரங்களுக்குப் பெயர்ந்தன. லயம் கலைந்ததும் தொண்டின் இயல்பான எல்லையும் கலைந்தது. தொண்டர் இனி அயலூரிலிருந்து, அறிமுகமில்லாத வீடுகளைத் தேடி வரவேண்டியிருந்தது.

4. பாடத்துக்குள் வந்த தொண்டு

சேவைவழிக் கற்றல் என்ற கருத்து 1960களில் அமெரிக்காவில் உருப்பெற்றது. இந்தியா 1969இல் நாட்டு நலப்பணித் திட்டத்தை 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. மலேசிய உயர்கல்வித் துறை 2019இல் ‘சுலாம்’ திட்டத்தின்வழி சேவைவழிக் கற்றலைப் பாடங்களோடு இணைத்தது. கெடாவில் இதற்கான களம் ஏற்கெனவே இருந்தது. 1984இல் நிறுவப்பட்ட வட மலேசியப் பல்கலைக்கழகம் சிந்தோக்கில் இயங்குகிறது. 2001இல் தொடங்கிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் வளாகமோ 1947 மறியல் நடந்த அதே பீடோங் வட்டாரத்தில் அமைந்துள்ளது.

கிளாரி, சுனைடர் குழுவினர் 1998இல் வெளியிட்ட அளவுகோல் தொண்டூழிய நோக்கங்களை ஆறாகப் பகுக்கிறது: விழுமியம், புரிதல், சமூக உறவு, தொழில் வாய்ப்பு, மனக்காப்பு, தன்மேம்பாடு. இவ்வரிசையில் பார்த்தால், தொண்டர் படையில் விழுமியமும் சமூக உறவும் ஓங்கியிருந்தன. டியூஷன் வகுப்பில் புரிதல் சேர்ந்தது. பல்கலைக்கழக நுழைவுக்குப் புறப்பாட நடவடிக்கை 10 விழுக்காடு எனக் கணக்கிடப்பட்டதும் தொழில் நோக்கமும் வெளிப்படையானது. இதைச் சரிவு என்று தள்ளிவிட முடியாது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு வேலை குடும்பத்தின் தேவை.

ஆனால் கட்டாயம் ஆபத்தானது. ஸ்டூகாஸ், சுனைடர், கிளாரி மூவரும் 1999இல் காட்டியபடி, வெளிக்கட்டாயத்தால் செய்வதாக உணரும் மாணவருக்கு மேலும் தொண்டு செய்யும் எண்ணம் குன்றக்கூடும். மறுபுறம், 62 ஆய்வுகளைத் தொகுத்து சீலியோ குழுவினர் 2011இல் வெளியிட்ட முடிவுகள் சேவைவழிக் கற்றலால் தன்மதிப்பு, கல்வித் தேர்ச்சி, குடிமை உணர்வு முதலியவை உயர்வதைக் காட்டுகின்றன. பாடத்தோடு இணைப்பு, மாணவர் குரல், சமூகத்தின் பங்கேற்பு, சிந்தித்துப் பார்த்தல் ஆகியவை உள்ள இடங்களில் பயன் கூடுதல்.

5. முடிவுரை

பயனைக் கூட்டும் இந்த நான்கு கூறுகளில் கெடாவின் அனுபவம் அழுத்திச் சொல்வது சமூகத்தின் பங்கேற்பையே. தொண்டர் படையில் சமூகமே தொண்டர். டியூஷன் வகுப்பில் மாணவரே அடுத்த ஆசிரியர். ஒரு பருவத்தோடு முடியும் பாடத்தில் இந்தச் சுழற்சிக்கு அவகாசமில்லை. மாணவரின் குறிப்பேட்டுக்கு மதிப்பெண் கிடைக்கிறது. அவர் கற்பித்த பிள்ளை அடுத்த ஆண்டு எங்கே என்பது எந்தப் படிவத்திலும் இடம்பெறாமல் போகலாம்.

எனவே இரண்டு மாற்றங்கள் தேவை. ஒரு துறை ஒரே தமிழ்ப்பள்ளியோடு பல ஆண்டுகள் உடன்பாடு கொண்டு, மாறிமாறி வரும் மாணவர் அணிகளை அதே பிள்ளைகளிடம் அனுப்ப வேண்டும். அப்பள்ளியில் படித்து இடைநிலைப்பள்ளியை எட்டியவர்களைத் துணை ஆசிரியராக முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் தொண்டு பெறுபவர் புள்ளிவிவரமாக நின்றுவிடாமல் பங்காளியாக முடியும்.