ஒரு தடவை மட்டும் பதில்

சித்திரைப் புத்தாண்டுக்கோ பெரஹராவுக்கோ கண்டியில் ஓர் அலுவலகம் மூடப்பட்டால், அங்கே வரும் மின்னஞ்சலுக்குச் சேர்வரே "இன்ன திகதிவரை விடுமுறை" என்று பதில் அனுப்பிவிடும். இதை எல்லோரும் மிகச் சாதாரண வசதியாகவே நினைக்கிறோம். ஆனால் பதில் அனுப்பச் செய்வது இதில் எளிய பகுதிதான். எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் பெரும்பாடு பட்டார்கள். கண்டி போன்ற ஓர் இடத்திலிருந்து பார்த்தால் அந்தச் சிரமத்தின் பெறுமதி இன்னும் தெளிவாகத் தெரியும்.

இலங்கையில் பல்கலைக்கழகங்களுக்கான மின்னஞ்சல் 1990இல் மொறட்டுவையில் தொடங்கியது. அபய இந்துருவ, கிஹான் டயஸ் ஆகியோரின் முயற்சியில் உருவான அந்தச் சேவைக்கு லேர்ன்மெயில் என்று பெயர். அப்போது எப்போதும் திறந்திருக்கும் இணைப்பு கிடையாது. மடல்கள் ஒரு கணினியில் சேர்ந்து கிடக்கும். குறித்த நேரத்தில் மோடம் தொலைபேசி வழியாக அடுத்த கணினியை அழைத்து, மொத்தமாகக் கைமாற்றிவிட்டுத் துண்டிக்கும். யூயூசிபி என்ற இந்த முறையில் ஒவ்வொரு மடலுக்கும் தொலைபேசிக் கட்டணம் உண்டு. மலைநாட்டிலிருந்து கொழும்புப் பக்கம் எடுப்பது வெளியூர் அழைப்பு. நாட்டுக்கு வெளியே என்றால் சர்வதேச அழைப்பு. இப்படிப்பட்ட கம்பியின் இரு முனைகளிலும் இரண்டு விரிவுரையாளர்கள் லீவில் இருப்பதாக எண்ணிப் பாருங்கள். ஒருவரின் விடுமுறைப் பதில் மற்றவரின் விடுமுறைப் பதிலைக் கிளப்பும், அது திரும்பவும் முதலாவதைக் கிளப்பும். யாரும் வாசிக்காத கடிதங்களுக்காக மோடம் அழைத்துக்கொண்டே இருக்கும். பணம் கட்டுவது பல்கலைக்கழகம்.

இந்த ஆபத்தை அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முன்பே உணர்ந்திருந்தார்கள். சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் நிரலை எழுதிய எரிக் ஆல்மன் 'வெக்கேஷன்' என்ற சிறு நிரலையும் எழுதினார். 1986இல் வந்த 4.3 பிஎஸ்டி யூனிக்ஸில் அது இடம்பெற்றது. யாருக்கெல்லாம் பதில் போயிற்று என்று அது ஒரு சிறு கோப்பில் குறித்துவைத்து, ஒரே ஆளுக்கு வாரத்துக்கு ஒரு தடவை மட்டுமே பதில் அனுப்பும். பெறுநர் வரியிலோ நகல் வரியிலோ தன் உரிமையாளரின் பெயர் இல்லாவிட்டால் பேசாது. மொத்தமாக அனுப்பப்பட்டது என்று குறியிட்ட மடலுக்கும் பேசாது. போஸ்ட்மாஸ்டர், மெயிலர்-டேமன் போன்ற இயந்திரப் பெயர்களிலிருந்து வந்தாலும் பேசாது. அந்தப் பெயர்ப் பட்டியலில் யூயூசிபியும் இருக்கிறது. நம்முடைய கம்பிகளில் ஓடியதும் அதே முறைதான் என்பதால், இந்த ஒரு சொல் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

இன்று இணைப்பு மலிவு, நிமிடக் கணக்கு இல்லை, பிறகு எதற்கு இந்தச் சிக்கனம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கட்டணம் போன இடத்தில் வேகம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அழைப்புக்கு அழைப்பு காத்திருந்த சுழற்சி இப்போது சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான மடல்களைக் குவித்துவிடும். அதைவிட மோசம், குப்பை மடல்களில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி. அவற்றுக்குப் போகும் பதில் சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெட்டியில் விழும். அப்படி அனுப்பும் சேர்வரே கறுப்புப் பட்டியலில் ஏறக்கூடும். கீத் மூர் எழுதி 2004இல் வெளியான ஆர்எஃப்சி 3834 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இதற்காகத்தான் தன்னியக்கப் பதில் ஒவ்வொன்றிலும் அடையாள வரி ஒன்றைச் சேர்க்கச் சொன்னது. அந்த அடையாளத்தைக் கண்ட இயந்திரம் மறுபதில் அனுப்பக்கூடாது.

இன்னொரு மறுப்பு கனதியானது. கலஹாவிலிருந்தோ புசல்லாவையிலிருந்தோ ஒரு மாணவரின் பெற்றோர் இரண்டாம் தடவை எழுதும்போது அமைதியாக இருப்பது மரியாதையா? முதல் பதில் விளங்கியிருந்தால் அதில் குறையில்லை. விளங்காத பதிலை ஏழு தடவை அனுப்பினாலும் அது பதிலாகாது. ஆகவே ஒரு தடவை மட்டும் பேசும் இயந்திரம் அந்த ஒரு தடவை அவர்களுடைய மொழியில் பேச வேண்டும். 1987இன் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. தொழில்நுட்பமும் இதற்கு இடம் தருகிறது: மின்னஞ்சலைக் கையாளும் விதிகளை எழுத 2001இல் வரையறுக்கப்பட்ட சீவ் வடிகட்டி மொழி, தமிழ் எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 குறிமுறையில் தொடக்கத்திலிருந்தே எழுதப்படுவது. அதற்கான விடுமுறைப் பதில் விதிகள் 2008இல் ஆர்எஃப்சி 5230 ஆக வந்தன. திரும்பும் திகதி, அதுவரை யாரைத் தொடர்புகொள்வது என்ற இரண்டு வரிகளைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவைக்க அந்த விதிகளில் எந்தத் தடையும் இல்லை.