மாற்று உருளையும் மூலப் பிரதியும்

சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், ஏரி குளங்களில் தூண்டிலிடுவதைப் பற்றி 'டேங்க் ஆங்கிளிங் இன் இந்தியா' என்னும் நூலை 1887 இல் வெளியிட்டார். அன்று குடிபாலா வட்டாரம் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. சித்தூரே அதன் தலைநகர். ஊரார் மூங்கில் கழியின் நுனியில் நூலைக் கட்டி மீன் பிடித்தனர். துரைமாரின் கழியிலோ நூல் சுற்றும் ரீல் இருந்தது. கழி முறிந்தால் ஊரிலேயே வேறு வெட்டலாம்; ரீலின் உருளை நெளிந்தால் கடல் கடந்துதான் தீர்வு.

அத்தீர்வும் எளிதன்று. இங்கிலாந்தின் ஆல்னிக் நகரில் ஹார்டி நிறுவனம் 1891 முதல் விற்ற 'பெர்ஃபெக்ட்' ரீலில் உருளையே சுழலும். அது குண்டுத் தாங்கிகளின் மீது ஓடும். உருளைக்கும் சட்டத்துக்கும் இடையிலான இடைவெளி மிகக் குறுகியது. பழைய ரீல்களில் கைவினைஞர் ஒவ்வோர் உருளையையும் அதனதன் சட்டத்துக்கு இழைத்துப் பொருத்தினர். பலவற்றின் உட்புறத்தில் செய்தவரின் பெயரெழுத்தும் பொறிக்கப்பட்டது. ஆகவே அதே பெயரும் அதே விட்டமும் கொண்ட வேறோர் உருளை உராயலாம், ஆடலாம்.

இச்சிக்கலுக்கு விடை நெசவிலிருந்து வந்தது. பிராட்ஃபோர்டின் ஆலை அதிபர் ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் 1905 இல் காப்புரிமை பெற்ற ரீலில், தூண்டிலை வீசும்போது உருளை சுழலாது. நூல் மட்டும் அதன் விளிம்பைத் தாண்டி உருவிச் செல்லும். நகரியின் தறிகளில் நாடாவுக்குள் இருக்கும் தாரிலிருந்து ஊடை நூல் வெளிவருவதும் இவ்வாறே. வேகமாகச் சுழலாத உருளைக்கு அத்தனை நுண்ணிய பொருத்தம் தேவையில்லை. பிரான்சின் கடிகாரத் தொழில் நகரான குளூஸில் உருவான 'மிட்செல் 300' இல் பொத்தானை அழுத்தி உருளையைக் கழற்றலாம்.

எனவே ஒப்பிடும்போது விட்டம், அகலம், அச்சுத் துளை, 'கிளிக்' ஒலி தரும் பற்கள், தயாரிப்புக் காலம் ஆகிய ஐந்தும் ஒத்திருக்க வேண்டும். வலிமையும் முக்கியம். பட்டு நூலுக்காகச் செய்த உருளையில் நைலானை இறுக்கிச் சுற்றினால், இழுபட்ட நைலான் மீளச் சுருங்கி உருளையையே நசுக்கிவிடும்.

வரலாற்று மாணவருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. ஓலைச்சுவடியில் ஏடு ஒன்று சிதைந்தால் பிற்காலத்தவர் புதிய ஏட்டைச் சேர்ப்பதுண்டு. அதைக் குறிப்பிட்டுச் சேர்த்தால் செப்பனிடல். மறைத்துச் சேர்த்தால் இடைச்செருகல். ரீலுக்கும் இதுவே அளவுகோல். புதிய உருளையை மாட்டி ஏரிக்கரைக்குக் கொண்டு செல்வதில் தவறில்லை. ஆனால் நெளிந்த பழைய உருளையைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுபவர், பெயர் எங்கும் பதிவாகாத ஒரு தொழிலாளி விட்டுச் சென்ற ஒரே கையொப்பத்தையும் சேர்த்தே எடைக்குப் போடுகிறார்.