சீனி வருத்தமும் உப்பின் வரலாறும்

நோய்களுக்கு மக்கள் இட்டு வழங்கும் பெயர்கள் வெறும் அடையாளங்கள் அல்ல. அந்நோயைப் பற்றி நம் முன்னோர் முதலிற் கண்டது யாது என்பதையும் அவை உணர்த்துகின்றன. நீரிழிவு என்ற சொல், நோயாளியின் உடலினின்றும் ஓயாது நீர் கழிவதைச் சுட்டுகின்றது. சலரோகம் என்ற சொல்லும் நீரையே நினைவூட்டுகின்றது. சீனி வருத்தம் எனப் பேச்சு வழக்கிற் கூறுவோர், குருதியிலும் சிறுநீரிலும் மிகும் இனிப்பைக் கருதுகின்றனர். இப்பெயர்கள் எவற்றிலும் உப்புக்கு இடமில்லை. அவ்வாறிருக்க, சீனியைக் குறைக்கச் சொல்லும் வைத்தியர், அதே மூச்சில் உப்பையும் குறைக்கச் சொல்வது ஏன்? இனிப்பு நோய்க்கும் உவர்ப்புச் சுவைக்கும் உள்ள உறவு என்ன? இவ்வினாவிற்கு விடை மருத்துவ வரலாற்றில் அடங்கியுள்ளது. அதனைச் சிறிது நோக்குவோம்.

இந்நோயில் சிறுநீர் இனிக்கும் என்பதைப் பண்டைய ஆயுர்வேத நூலார் அறிந்திருந்தனர். அதனாலன்றோ அதற்கு மதுமேகம் எனப் பெயரிட்டனர். இங்கிலாந்தில் தோமஸ் வில்லிஸ் என்னும் வைத்தியர், நோயாளியின் சிறுநீர் தேன் கலந்தது போல் இனிப்பதை 1674ஆம் ஆண்டில் எழுதி வைத்தார். அவ்வினிப்பு உண்மையிலேயே சர்க்கரைதான் என்பதை 1776ஆம் ஆண்டில் லிவர்பூல் நகரத்து மத்தேயு டொப்சன் நிறுவினார். அவர் சிறுநீரை வற்றக் காய்ச்சினார். அடியில் எஞ்சிய வெண்மையான பொருள் சர்க்கரையின் மணமும் சுவையும் உடையதாயிருந்தது. குருதியின் நீர்ப்பகுதியும் இனிப்பதை அவர் கண்டார். ஆகவே, குற்றம் சிறுநீரகத்தில் மட்டும் இல்லை, உடல் முழுவதையும் பற்றியது என்பது புலனாயிற்று.

இனிப்பே பகை என்று தெளிந்த பின்னர், உணவை மாற்றி நோயை அடக்கும் முயற்சி தொடங்கியது. 1797ஆம் ஆண்டில் ஜோன் றோலோ என்னும் படை வைத்தியர், மாச்சத்தை நீக்கி இறைச்சியையே முதன்மையாகக் கொண்ட பத்தியத்தை வெளியிட்டார். இவ்வழியின் எல்லை வரை சென்றவர் நியூயோர்க் நகரில் பணியாற்றிய பிரெடெரிக் அலன் ஆவார். சிறுநீரிற் சர்க்கரை மறையும்வரை நோயாளியைப் பட்டினி கிடக்கச் செய்து, பின்னர் அளந்து அளந்து உணவு கொடுப்பது அவரது முறை. 1910களில் இதனிலும் சிறந்த வழி உலகில் இருக்கவில்லை. ஆயினும் அது கொடிய வழி. பலருக்கு அது சில மாதங்களையோ ஆண்டுகளையோ ஈட்டிக் கொடுத்தது. பசியாலேயே மாண்டோரும் உளர்.

எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமியின் கதை இதற்குச் சான்றாகும். அமெரிக்க அரசியலிற் புகழ்பெற்ற சாள்ஸ் எவன்ஸ் ஹியூசின் மகளாகிய அவள், 11 வயதில் இந்நோய் கண்டு, 1919ஆம் ஆண்டில் அலனின் பராமரிப்பிற் சேர்க்கப்பட்டாள். மூன்றாண்டுகள் அரை வயிறும் கால் வயிறுமாகக் கழிந்தன. 1922ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவளைக் கனடாவின் ரொறொன்ரோ நகருக்குக் கொண்டு சென்றபோது, 15 வயதை நெருங்கிய அவளது நிறை 45 இறாத்தல் மட்டுமே.

அந்நகரில் அவளுக்காகக் காத்திருந்தது இன்சுலின். பான்டிங், பெஸ்ற், மக்லியோட், கொலிப் ஆகிய நால்வரின் உழைப்பால், விலங்குகளின் சதையியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அம்மருந்து, 1922 ஜனவரி 11ஆம் நாள் லியனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக ஏற்றப்பட்டது. முதல் ஊசி போதிய பயன் தரவில்லை. தூய்மைப்படுத்திய மருந்து 23ஆம் நாள் ஏற்றப்பட்டபோது குருதிச் சர்க்கரை இறங்கியது. எலிசபெத்தும் அம்மருந்தால் உயிர் தப்பி, இல்லறம் நடத்தி, 1981ஆம் ஆண்டில் 73 வயதில் காலமானார்.

கதை இத்துடன் முடிந்திருப்பின் உப்பைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே எழுந்திராது. இன்சுலின் மக்களுக்கு ஆண்டுகளை வழங்கியது. அந்த ஆண்டுகளில், முன்பு பெரிதும் காண வாய்ப்பில்லாத வேறொரு துன்பம் மெல்ல வெளிப்பட்டது. 1936ஆம் ஆண்டில் கிம்மெல்ஸ்ரீல், வில்சன் என்னும் இருவர், நீரிழிவு நோயாளரின் சிறுநீரகங்களில் நுண்ணிய முடிச்சுகள் போன்ற கேடுகளை விவரித்தனர். அந்நோயாளரிடம் உயர்ந்த குருதியமுக்கமும் உடல் வீக்கமும் சிறுநீரிற் புரதமும் காணப்பட்டன. கண்ணின் விழித்திரையும் இதயமும் இவ்வாறே நலிந்தன. முன்பு சர்க்கரை மிகுதியால் விரைந்து மாண்டவர்கள், இப்பொழுது குருதிக் குழாய்களின் சிதைவால் மெல்ல நலிந்தனர். உப்பு இந்த வரலாற்றினுள் நுழைந்த வாயில் இதுவே.

உப்பின் கதையை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். 1903ஆம் ஆண்டில் பரிஸ் நகரத்து விடால் என்னும் வைத்தியர், சிறுநீரக நோயாளரின் உடல் வீங்குவதற்கு உப்புத் தேக்கமே ஏது என்று காட்டினார். அடுத்த ஆண்டில் அதே நகரின் அம்பார், போஜார் என்போர் உப்பிற்கும் குருதியமுக்கத்திற்கும் உள்ள தொடர்பை எடுத்துரைத்தனர். இக்கருத்தை அமெரிக்காவில் ஊன்ற முனைந்தவர் யார் எனின், நாம் முன்னர்க் கண்ட அதே பிரெடெரிக் அலன்! 1920களின் தொடக்கத்தில், உயர் குருதியமுக்கமுடையோருக்கு உப்பற்ற உணவை அவர் வற்புறுத்தினார். சீனியை வெல்லப் பட்டினியைக் கையாண்டவரே, உப்பைக் கட்டுப்படுத்தவும் முன்னின்றார் என்பது நினைக்கத் தக்கது. ஆயினும் அக்காலத்தார் அவர் சொல்லைப் பெரிதும் ஏற்கவில்லை.

ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்த வால்டர் கெம்ப்னர், வட கரோலைனாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1939ஆம் ஆண்டளவில் இத்துறையிற் புகுந்தார். அவர் வகுத்த உணவு சோறும் பழமும் பழச்சாறும் சர்க்கரையுமே! உப்பு ஏறக்குறைய இல்லை; நாளொன்றுக்குச் சோடியம் 150 மில்லிகிராமுக்கு உட்பட்டதே. சிறுநீரக நோயும் கடும் குருதியமுக்கமும் உடையோர் பலர் இவ்வுணவாற் தேறினர். பின்னர் அதனை நீரிழிவு நோயாளருக்கும் கொடுத்து, 1958ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். சோற்றையும் சர்க்கரையையும் உண்ட நோயாளரின் குருதிச் சர்க்கரை ஏறும் என்றே யாவரும் எண்ணுவர். ஆனால் பலரிடம் அது ஏறவில்லை, குறைந்தோரும் இருந்தனர். இதனை உப்பின்மையின் வெற்றி என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அவ்வுணவிற் கொழுப்பும் மிகக் குறைவு. நோயாளர் பலரின் உடல் நிறையும் குறைந்தது. ஒப்பு நோக்குதற்கு வேறு உணவு உண்ட ஒரு குழுவும் இருக்கவில்லை.

உப்பும் சர்க்கரையும் உடலினுள் எவ்வாறு சந்திக்கின்றன என்பதை 1960ஆம் ஆண்டில் றொபேட் கிரேன் என்னும் அறிஞர் பிராக் நகரக் கூட்டமொன்றில் விளக்கினார். குடலிற் குளுக்கோசு உறிஞ்சப்படும்போது, சோடியமும் அதனுடன் ஒரே வாயிலாற் செல்கின்றது என்பது அவரது கருத்து. சிறுநீரகத்திலும் இத்தகைய வாயில் உண்டு. குருதியிற் சர்க்கரை மிகும்போது, வடிந்த சர்க்கரையை மீட்க முயலும் சிறுநீரகம், அதனுடன் சோடியத்தையும் மிகுதியாக மீட்கின்றது. சோடியம் நீரைப் பற்றி வைக்கின்றது, குருதியமுக்கம் உயர்கின்றது. 2012ஆம் ஆண்டு முதல் வழக்கிற்கு வந்த ஒருவகை மாத்திரைகள் சிறுநீரகத்தின் அவ்வாயிலையே அடைக்கின்றன. சர்க்கரையும் சோடியமும் சிறுநீருடன் வெளியேறுகின்றன. இம்மருந்துகள் இதயத்திற்கும் சிறுநீரகத்திற்கும் நலம் பயப்பதை 2015, 2019ஆம் ஆண்டுகளில் வெளியான பெரும் ஆய்வுகள் காட்டின.

ஆகவே வரலாறு நமக்குக் கூறுவது யாது? உப்பு குருதிச் சர்க்கரையை நேரே ஏற்றும் பொருள் அன்று. உப்பைக் குறைத்தமையால் மட்டும் சர்க்கரை இறங்கிவிடும் என்று எண்ணுதலும் தவறு. உப்பை மிகக் கடுமையாக விலக்குங்கால், இன்சுலினின் செயல் சிறிது தளர்வதையும் சில ஆய்வுகள் கண்டுள்ளன. எனவே அலனின் பட்டினி போல உப்பிலும் எல்லை கடத்தல் வேண்டா. உப்பை அளவோடு குறைத்தால் நீரிழிவு நோயாளரின் குருதியமுக்கம் தணியும் என்பது உறுதி. சிறுநீரகத்தையும் கண்ணையும் இதயத்தையும் காப்பதற்கு அது துணையாகும். வளர்ந்தோர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே கொள்ளல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவாகும்.

அவ்வளவினுள், கறியில் இடும் உப்பு மட்டுமன்றிக் கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கடையிற் பொதிசெய்து விற்கும் தின்பண்டங்கள் ஆகியவற்றின் உப்பும் அடங்கும். இந்துப்பு தீங்கற்றது என்று நம்புவோர் உளர். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைட்டே. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு, சிறுநீரகம் நலிந்தோருக்கு ஆபத்தாகலாம். வைத்தியரைக் கேளாது அதனைக் கையாளலாகாது.

சர்க்கரை எவ்வளவு என்று குருதியைச் சோதித்து அறிந்து கொள்கின்றோம். உப்பு எவ்வளவு என்று சோதிக்க வேண்டிய இடம் நம் அடுக்களையேயாகும். இன்சுலின் கண்டவர்கள் மக்களுக்கு ஈட்டித் தந்த ஆண்டுகளை உப்பிடம் இழந்துவிடாது காத்தல் நம் கையில் உள்ளது.