துண்டுச் சீட்டும் தோட்டக் குடும்பமும்

இலங்கையின் மலைநாட்டிலே, ஒரு குடும்பம் பட்ட கடனுக்கு அடையாளமாக ஒரு சிறு காகிதம் கைமாறிய காலம் ஒன்று இருந்தது. தோட்டத்தார் அதனைத் 'துண்டு' என்றனர். இன்ன கங்காணியும் அவனுடைய ஆட்களும் இத்தனை ரூபாய் கடன்பட்டுள்ளனர்; குறித்த தவணைக்குள் அத்தொகையைச் செலுத்துவோரிடம் அவர்களை விடுவிக்கத் தடையில்லை என்று தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டே அது. ஓயாது உழைத்த குடும்பங்கள் ஏன் வறுமையினின்றும் மீளவில்லை என்பதை இச்சீட்டின் வரலாறு விளக்குகின்றது.

1830ஆம் ஆண்டுகளிற் கோப்பிச் செய்கை பரவத் தொடங்கியபோது, திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் கடல் கடந்து வந்தனர். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே கால்நடையாக நடந்தனர். நோயினாலும் பசியினாலும் வழியிலேயே மாண்டோர் பலர். கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்திலேயே மிகுதியான ஆட்கள் வேண்டியிருந்தமையால், வந்தவருட் பெரும்பாலோர் ஆண்களாயிருந்தனர்; பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர்.

1869ஆம் ஆண்டிற் கோப்பியைத் தாக்கிய இலைநோய் இந்நிலையை மாற்றியது. அதற்கு இரண்டாண்டுகளின் முன், 1867இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். கோப்பி அழிய, தேயிலை அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. ஆகவே பெண்களும் பிள்ளைகளும் மலையேறினர். குடும்பம் முழுவதும் லயத்தில் நிலையாகக் குடியேறியது. குடும்பம் முழுவதையும் கடனும் பற்றிக்கொண்டது.

அக்கடன் வளர்ந்த விதம் நோக்கத்தக்கது. ஊரைவிட்டுப் புறப்படும் முன்னரே கங்காணி முன்பணம் கொடுத்தான். வழிச்செலவும் உணவும் தொழிலாளியின் கணக்கில் ஏறின. தோட்டத்திலே கொடுக்கப்பட்ட அரிசியின் விலை கூலியிற் கழிக்கப்பட்டது. கலியாணம், இழவு, நோய் எதுவாயினும் கங்காணியிடமே கைநீட்ட வேண்டும். கங்காணியோ பெரும்பாலும் அதே ஊரவன்; உறவினனாகவும் இருந்தான். கடனோடு உறவும் சேர்ந்து தொழிலாளியைப் பிணித்தது.

ஆட்களுக்குத் தட்டுப்பாடு நேர்ந்த காலங்களில், துரைமார் ஒருவரோடொருவர் போட்டியிட்டுக் கங்காணிகளுக்குப் பெருந்தொகையை முன்பணமாகக் காட்டி அழைத்தனர். ஒவ்வொரு முறை தோட்டம் மாறும்போதும் துண்டிலுள்ள தொகை உயர்ந்தது. கூடுதலாக வந்த பணம் கங்காணியின் கையிற் சேர்ந்தது. கடனோ ஆட்களின் தலையில் ஏறியது. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் நாள்தோறும் கங்காணிக்குத் தனிக்காசும் கிடைத்தது. தொழிலாளி கடனை விட்டு ஓடினால், சட்டப்படி சிறைத்தண்டனை காத்திருந்தது.

இக்கொடுமையைக் கண்டித்தவருள் ஒருவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அவர் 1919இல் தொழிலாளர் நலனுக்கென ஒரு சங்கம் அமைத்துப் போராடினார். இந்தியாவிலும் எதிர்ப்புக் குரல் எழுந்தது. 1921ஆம் ஆண்டிலே துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1923இன் பின்னர் வந்தோரின் வழிச்செலவு, தோட்டங்கள் செலுத்திய பொது நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது. அதனைத் தொழிலாளியிடம் அறவிடும் வழக்கம் நீங்கியது.

துண்டு ஒழிந்தது, ஆனால் ஏற்றத்தாழ்வு ஒழிந்துவிடவில்லை. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ், 1929 முதல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், பிள்ளைக்கு 32 சதமும் நாட்கூலியாயின. மூவரும் ஒரு நாள் முழுவதும் உழைத்தால் வீட்டிற்கு வருவது 1 ரூபாய் 29 சதம். அதிற் பிள்ளை ஈட்டுவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய தாய் அக்காற்பங்கை இழக்க வேண்டியிருந்தது. அடுத்த தலைமுறையின் கல்வி அன்றைய அடுப்புக்கு இரையாயிற்று. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது, 1932, 1933ஆம் ஆண்டுகளில் அக்கூலியும் குறைக்கப்பட்டது.

பெண்ணின் நிலை இன்னும் கவனிக்கத்தக்கது. விடியற்காலையிற் பிரட்டுக்களத்தில் நின்று, கூடை சுமந்து, மலைச்சரிவிற் கொழுந்து பறித்தவள் அவளே. மாலையில் லயத்துக்குத் திரும்பி அடுப்பு மூட்டியவளும் அவளே. எனினும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி என்ற நிலை 1984ஆம் ஆண்டிலேதான் தேயிலைத் தோட்டங்களில் எய்தியது. துண்டு ஒழிந்த நாளிலிருந்து அதற்கு 63 ஆண்டுகள் சென்றன.

கடன்சீட்டை ஒரு சட்டம் ஒழித்துவிடலாம். வேலை செய்வோரின் கூலி ஒரு குடும்பத்தைத் தாங்கப் போதாதாயின், பிள்ளையின் கையும் அடுத்த மாதத்துக் கடனும் அக்குறையை நிரப்ப வேண்டிவரும். மலைநாட்டுத் தோட்டக் குடும்பங்களின் வரலாறு உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.