இரும்பை ஒதுக்கும் திருகு: உலோகக் கண்டறி கருவியின் வரலாற்றிலிருந்து

1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் இரயில் நிலையத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். முதுகில் பாய்ந்த குண்டு உடலுக்குள்ளேயே தங்கிவிட்டது. எக்ஸ் கதிர்கள் கண்டறியப்படுவதற்கு இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. குண்டு எங்கே கிடக்கிறது என்றறிய மருத்துவர்கள் கழுவாத விரல்களைக் காயத்துள் நுழைத்துத் துழாவினர். அந்நிலையில் தொலைபேசியால் புகழ்பெற்றிருந்த அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் ஒரு கருவியோடு முன்வந்தார். டேவிட் ஹியூஸ் 1879இல் அமைத்த மின்தூண்டல் சமநிலைக் கருவியே அதற்கு அடிப்படை. கம்பிச் சுருள்களின் அருகே உலோகம் வந்தால் அவற்றின் சமநிலை குலையும். காதில் வைத்த தொலைபேசிக் குழலில் ஒலி எழும். உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டு, குண்டை உடலில் சுமந்தபடி வாழ்ந்துகொண்டிருந்த பழைய போர்வீரர்களிடம் பெல் அதனைச் சோதித்து வெற்றியும் கண்டார்.

ஆனால் குடியரசுத் தலைவரின் படுக்கையருகே கருவி கைவிட்டது. ஆகஸ்ட் 1ஆம் நாள் சோதனையில் ஒலி ஓரிடத்தில் எழாமல் உடலின் ஒரு பரந்த பகுதி முழுவதிலும் எழுந்தது. மெத்தைக்குள் எஃகுக் கம்பிகள் இருந்தது பின்னரே தெரியவந்தது. தலைமை மருத்துவரோ, குண்டு வலப்புறத்தில்தான் இருக்கிறது என்ற தம் முடிவுக்கேற்ப அப்பக்கத்தை மட்டுமே தேட இசைந்தார். செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்டு இறந்தார். பிணக்கூற்றாய்வில் குண்டு முதுகெலும்பின் இடப்புறத்தில் காணப்பட்டது.

இந்நிகழ்வில் இரு வேறு குறைகள் சேர்ந்திருந்தன. உலோகம் உண்டு என்று சொல்லத் தெரிந்த கருவிக்கு, அது எந்த உலோகம் என்று சொல்லத் தெரியவில்லை. ஈயக் குண்டும் எஃகுக் கம்பியும் அதற்கு ஒன்றே. இது கருவியின் குறை. எங்கே தேடக் கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்தது மனிதரின் குறை. முதற்குறையைப் பொறியியல் அடுத்த நூறாண்டில் பெருமளவு தீர்த்தது. இரண்டாவது குறை அந்தத் தீர்வுக்குள்ளேயே குடியேறிக்கொண்டது.

அத்தீர்வின் பெயர் 'டிஸ்கிரிமினேஷன்'. தமிழில் பிரித்தறிதல் எனலாம். பாகுபாடு என்றும் அச்சொல்லுக்குப் பொருள் உண்டு. கருவியின் ஒரு சுருள் மாறுமின்காந்தப் புலத்தை மண்ணுக்குள் செலுத்துகிறது. அதன் விளைவாக உலோகத்தில் சுழல் மின்னோட்டங்கள் பிறக்கின்றன. அவை எழுப்பும் எதிர்ப்புலத்தை மற்றொரு சுருள் உணர்கிறது. செலுத்திய அலைக்கும் திரும்பி வந்த அலைக்கும் இடையிலான காலப் பிசகு உலோகத்துக்கு உலோகம் வேறுபடும். மின்சாரத்தை நன்கு கடத்தும் வெள்ளி, செம்பு ஆகியவற்றில் அது மிகுதி. காந்தத் தன்மையுடைய இரும்பில் குறைவு. இப்பிசகையே எண்ணாக்கிக் கருவியின் முகப்பு காட்டுகிறது. இரும்பு அளவுகோலின் கீழ்முனையிலும் வெள்ளி மேல்முனையிலும் நிற்கும். குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழுள்ள எதற்கும் ஒலியெழுப்பாதே என்று பயனர் திருகை அமைத்துவிட்டால், ஆணிகளும் துருத்துண்டுகளும் நிறைந்த நிலத்தில்கூடக் கருவி அமைதி காக்கும்.

1970களில் அமெரிக்காவில் இவ்வசதி பரவியதற்கு ஓர் அன்றாடக் காரணமும் இருந்தது. அதற்கு முந்தைய பத்தாண்டில் பானக் குவளைகளிலிருந்து பிய்த்தெறியும் அலுமினிய வளையங்கள் கடற்கரைகளையும் பூங்காக்களையும் நிறைத்திருந்தன. நாணயம் தேடுவோர் குப்பை தோண்டிக் களைத்தனர். குப்பையைக் கேளாத கருவியை விரும்பினர். விருப்பம் நிறைவேறியது, ஆனால் விலையோடு. மெல்லிய பொன் மோதிரமும் அந்த அலுமினிய வளையமும் அளவுகோலில் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்பவை. ஒன்றை ஒதுக்கினால் மற்றொன்றும் போய்விடும். இரும்பாணிக்கு அருகில் கிடக்கும் வெள்ளி நாணயத்தையும் கருவி பல வேளைகளில் தவறவிடும். ஆணியின் குறி நாணயத்தின் குறியை மறைத்துவிடுவதே காரணம். கருவியின் அமைதியைக் கொண்டு மண்ணில் ஒன்றுமில்லை என்று கொள்ள இயலாது.

இதனை ஐயமற உணர்ந்தவர்கள் கண்ணிவெடி அகற்றுவோர். போலந்து அதிகாரி யூசெஃப் கோசாட்ஸ்கி 1941இல் ஸ்காட்லாந்தில் உருவாக்கிய கையடக்கக் கருவி, அடுத்த ஆண்டே எல் அலமெய்ன் போர்க்களத்தில் பயன்பட்டது. ஜெர்மானியர் மரப்பெட்டியிலும் கண்ணாடியிலும் வெடிகளைச் செய்து, உலோகத்தைச் சிறு பொறியளவுக்குக் குறைத்து அதற்கு விடையளித்தனர். அன்று முதல் இப்பணியில் ஒதுக்கத்தக்க குறி என்று ஒன்றில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நுழைவாயிலான முகமாலையில், போரால் பாதிக்கப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் பலர் முழந்தாளிட்டு இப்பணியைச் செய்தனர். ஒலி எழும் ஒவ்வோர் இடமும் வெடி என்றே கருதி மெல்ல அகழப்பட வேண்டும். நூறு முறை அது தோட்டாச் சிதறலாகவோ ஆணியாகவோ இருக்கலாம். நூற்றோராவது முறையும் அப்படியே இருக்கும் என்று எண்ண அவர்களுக்கு உரிமையில்லை.

வரலாற்றாய்வு இதே பாடத்தைக் கற்ற இடம் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களம். 1876 ஜூன் 25 அன்று ஏழாம் குதிரைப்படையின் ஜார்ஜ் கஸ்டரும் அவருடைய நேரடிக் கட்டளையிலிருந்த இருநூறுக்கும் மேற்பட்டோரும் லகோட்டா, செயென் முதலிய மக்களின் வீரர்களால் அங்கே கொல்லப்பட்டனர். குன்றுச்சியில் கடைசி மனிதன் வரை அணிகுலையாது போரிட்டு மடிந்தனர் என்ற சித்திரம் ஓவியங்களிலும் திரைப்படங்களிலும் நிலைபெற்றது. போரிட்டுப் பிழைத்த பூர்வகுடியினர் வேறு விதமாகச் சொல்லியிருந்தனர். படை குலைந்தது, அச்சம் பரவியது, பலர் சிதறி ஓடினர் என்ற அவர்தம் சாட்சியங்கள் ஏட்டில் பதிவாகியும், முரண்பட்டவை, நம்பத்தகாதவை என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்டன.

1983இல் மூண்ட புல்வெளித் தீ அந்நிலத்தைத் திறந்துவிட்டது. ரிச்சர்டு ஃபாக்ஸ், டக்ளஸ் ஸ்காட் ஆகியோர் தலைமையில் 1984இல் முறையான களஆய்வு தொடங்கியது. தன்னார்வலர்கள் வரிசையாக நின்று கருவிகளோடு நிலத்தை வருடிச் சென்றனர். ஒலி எழுந்த இடமெல்லாம் சிறு கொடி நடப்பட்டது. பொருளின் இருப்பிடம் அளந்து குறிக்கப்பட்ட பின்னரே அது எடுக்கப்பட்டது. புதையல் தேடுவோர் குப்பையென ஒதுக்கும் இரும்பு இங்கே ஒதுக்கப்படவில்லை. இரும்பு அம்புமுனைகள், காலணி ஆணிகள், இலாட ஆணிகள், வெற்றுத் தோட்டா உறைகள், சிதைந்த ஈயக் குண்டுகள் என்று ஆயிரக்கணக்கான பொருள்கள் சேர்ந்தன.

இவற்றுள் ஒன்றுகூடச் சந்தையில் பெருவிலை பெறுவதற்காகத் தேடப்பட்டதன்று. தோட்டா உறையின் அடியில் துப்பாக்கியின் சுடுமுள் பதித்த வடு, துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபடும். ஒரே வடு கொண்ட உறைகள் எங்கெங்கே கிடந்தன என்று தொடர்ந்தால், ஒரு தனித் துப்பாக்கி களத்தில் நகர்ந்த வழி தெரியும். இவ்வாறு ஆராய்ந்ததில், பூர்வகுடி வீரர்கள் நாற்பதுக்கும் மேற்பட்ட வகைத் துப்பாக்கிகளை ஏந்தியிருந்ததும், தொடர்ந்து சுடவல்ல ஹென்றி, வின்செஸ்டர் துப்பாக்கிகள் அவற்றுள் பல என்பதும் புலப்பட்டன. தொடக்கத்தில் சீரான இடைவெளியில் கிடந்த படையினரின் உறைகள், பின்னர் ஒழுங்கற்றுக் குவிந்தும் அருகியும் போயின. அணி குலைந்ததற்கான தடயமாக இதனை ஃபாக்ஸ் விளக்கினார். 1993இல் வெளிவந்த அவருடைய நூல் கடைசி நிலைப்போர் என்ற புனைவையே கேள்விக்குட்படுத்தியது. ஃபாக்ஸின் முடிவுகளோடு முரண்படும் அறிஞர்கள் உண்டு. எனினும் லகோட்டா, செயென் சாட்சியங்களை ஆராயாமல் புறந்தள்ளுவது அதன்பின் இயலாததாயிற்று. கஸ்டரின் பெயரைத் தாங்கியிருந்த அந்நினைவிடம் 1991இல் லிட்டில் பிக்ஹார்ன் என்று பெயர் மாற்றம் பெற்றது.

விலையுயர்ந்ததை எடுத்து இரும்பை விட்டுச்செல்லும் பழக்கம் கருவிக்கு முற்பட்டது. கி.பி. 9இல் உரோமப் படைகள் அழிந்த போரோடு தொடர்புபடுத்தப்படும் ஜெர்மனியின் கால்க்ரீசெயில், டோனி கிளன் என்ற பிரித்தானிய அதிகாரி 1987இல் கருவியோடு தேடிக் கண்ட வெள்ளி நாணயங்களே ஆய்வுக்கு வழிதிறந்தன. அங்கு நடந்த அகழாய்வில் கிடைத்த புகழ்பெற்ற குதிரைவீரன் முகமூடி இரும்பாலானது. அதன்மேல் போர்த்தியிருந்த வெள்ளித் தகட்டைக் கொள்ளையர் அன்றே உரித்துச் சென்றுவிட்டனர். ஒதுக்கப்பட்ட இரும்பே இன்று அந்நாளைய முகத்தை நமக்குக் காட்டுகிறது.

சட்டங்களும் இத்தகைய திருகுகளே. இங்கிலாந்தின் பழைய புதையல் மரபுச் சட்டம் பொன்னையும் வெள்ளியையும் மட்டுமே புதையலென ஏற்றது. 1996இன் சட்டமும் அதனைத் தொடர்ந்த திருத்தங்களும் அவ்வரம்பைப் படிப்படியாகத் தளர்த்தி, 2023இல் வரலாற்று முதன்மையையே ஓர் அளவுகோலாக்கின. இந்தியாவில் 1878இன் புதையல் சட்டம் மதிப்பைக் கணக்கிட்டது: பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972இன் தொல்பொருள் சட்டமோ நூறாண்டுப் பழமையையும், கடந்த காலத்தின் கலை, கைவினை, சமயம், வழக்கங்கள் முதலியவற்றை அப்பொருள் விளக்குவதையும் கணக்கிட்டது. விலையிலிருந்து பொருளுக்கு நகர்ந்த அம்மாற்றம் சிறியதன்று.

இரும்பை ஒதுக்குவதால் நேரும் இழப்பு இந்தியாவில் பன்மடங்கு பெரிது; இந்நாட்டில் இரும்பே ஒரு வரலாற்று வினா. இரும்புப் பயன்பாடு கி.மு. முதலாயிரத்தை ஒட்டியே இங்குப் பரவியது என்ற கருத்து பாடநூல்களில் நெடுங்காலம் நிலவியது. உத்தரப் பிரதேசத்தின் மல்ஹர், ராஜா நள கா டீலா முதலிய இடங்களின் அகழாய்வுகள் அதனைக் கி.மு. இரண்டாம் ஆயிரத்தின் முற்பகுதிக்குக் கொண்டுசென்றன. மல்ஹரில் அதற்குச் சான்றானவை உலைகளும் இரும்புக் கசடும். சிவகளை முதலிய இடங்களின் மாதிரிகளைக் கொண்டு, கி.மு. நான்காம் ஆயிரத்தின் பிற்பகுதி வரை செல்லும் காலக்கணிப்புகளைத் தமிழ்நாட்டரசு 2025 ஜனவரியில் வெளியிட்டது. அவை குறித்த விவாதம் தொடர்கிறது. அவ்விவாதத்தைத் தீர்க்கவல்லவை துருப்பிடித்த துண்டுகளும், கசடும், அவற்றோடு ஒரே மண்ணடுக்கில் கிடக்கும் கரித்துகளுமே.

கருவியின் அளவுகோலில் இவை யாவும் கீழ்முனையில் நிற்பவை, அல்லது அளவுகோலுக்கே எட்டாதவை. பொன்னுக்காகத் திருகை உயர்த்தி, ஒரு நாணயத்துக்காக இரவில் குழி தோண்டுபவன் நாணயத்தை மட்டும் கொண்டுசெல்வதில்லை. அடுக்கைக் கலைத்து, அதனருகே கிடந்த கசடையும் கரியையும் நிரந்தரமாக ஊமையாக்கிச் செல்கிறான். கார்ஃபீல்டின் மருத்துவர் இடப்பக்கத்தைத் தேட விடவில்லை; கஸ்டரின் வரலாற்றாசிரியர்கள் எதிர்த்தரப்பின் சாட்சியைக் கேட்கவில்லை. அவர்களுக்குப் பின் வந்தோர் தவற்றைத் திருத்த முடிந்ததற்குக் காரணம், குண்டும் தோட்டா உறைகளும் கிடந்த இடத்திலேயே கிடந்தன என்பதுதான்.