டெரிக் என்றொரு மனிதர் இருந்தார்



என்னிடம் படித்தவர்களில் சிலர் இன்று எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்க்கிறார்கள். வளைகுடாவில் சிலர், மும்பைக்கு மேற்கே கடலில் ஒருவர், நரிமணம் பக்கம் ஒருவர். அவர்களில் ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் கேட்டார்: “சார், எங்க ரிக்குல ரேட்ஹோல் இருக்கு, மவுஸ்ஹோல் இருக்கு, மங்கிபோர்டு, டாக்ஹவுஸ், கேட்வாக் எல்லாம் இருக்கு. எலி, சுண்டெலி, குரங்கு, நாய், பூனை! நான் வேலை செய்யுறது எண்ணெய்க் கிணத்துலயா, மிருகக்காட்சி சாலையிலயா?”

நல்ல கேள்வி. வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் சும்மா விடுவேனா? இதோ பதில். கொஞ்சம் நீளம்தான். சாவகாசமாகப் படியுங்கள்.

முதலில் ஒன்றை மனத்தில் வையுங்கள். ஒரு புதுத் தொழில் பிறக்கும்போது அதற்கென்று சொற்கள் இருப்பதில்லை. வேலைக்கு வருகிறவர்கள் தங்கள் பழைய தொழிலின் சொற்களை மூட்டை கட்டிக்கொண்டு வருகிறார்கள். எண்ணெய்த் தொழிலுக்கும் அப்படித்தான் ஆனது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் டைட்டஸ்வில் என்ற சிற்றூர். 1859 ஆகஸ்டு 27. எட்வின் டிரேக் என்பவர் போட்ட கிணறு அறுபத்தொன்பதரை அடி ஆழத்தை எட்டியிருந்தது. மறுநாள் குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் எண்ணெய் மேலே வந்து நிற்கிறது. பாடப் புத்தகங்களில் டிரேக்கின் பெயர்தான் இருக்கும். ஆனால் துளையிட்டவர் வில்லியம் ஸ்மித் என்ற கொல்லர். ஊரார் அவரை ‘அங்கிள் பில்லி’ என்பார்கள். அவருக்கு உப்புக் கிணறுகளுக்குக் கருவி அடித்துக் கொடுத்த அனுபவம் இருந்தது. அந்தக் காலத்தில் அங்கே பூமிக்குள் ஆழமாகத் துளை போட்டு உப்புநீரை எடுத்துக் காய்ச்சுவார்கள். அந்த உப்புநீரில் எண்ணெய் கலந்து வந்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள்! அதே உப்புக் கிணற்றுக் கருவிகள்தான் பிறகு எண்ணெய் தோண்டின.

அன்றைய முறை எளிது. கனமான இரும்பு உளியைக் கயிற்றில் கட்டித் தூக்கித் தூக்கிக் கீழே போடுவது. பாறை நொறுங்கும். நொறுங்கியதை அள்ளி எடுத்துவிட்டு மறுபடியும் இடி. தூக்கிப் போடும் வேலையைச் செய்தது ஒரு பெரிய மர உத்தரம். நடுவில் ஒரு தூண் தாங்க, ஒரு முனை ஏறினால் மறு முனை இறங்கும். நம் ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஏற்றமரத்தின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடப்பார். அங்கே நீராவி எஞ்சின் ஆட்டியது. அந்த உத்தரத்துக்குப் பெயர் வாக்கிங் பீம், அதாவது நடக்கும் உத்தரம். அதைத் தாங்கும் தூணுக்கு சாம்சன் போஸ்ட். பைபிளில் வரும் பெரும் பலசாலியின் பெயர் அது. கப்பல்காரர்கள் தங்கள் மேல்தளத்தில் உள்ள உறுதியான தூணை ஏற்கெனவே அப்படித்தான் அழைத்துவந்தார்கள்.

கயிறு சுற்றும் பெரிய சக்கரத்துக்கு புல் வீல், காளைச் சக்கரம். கிணற்றுக்குள் கேசிங் குழாய் இறக்க இன்னொரு சக்கரம். அதற்கு காஃப் வீல், கன்றுச் சக்கரம். பெரியது காளை என்றால் சிறியது கன்றுதானே? பெயர் வைத்தவர்கள் பண்ணை வீட்டுப் பிள்ளைகள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இனி எஞ்சினையும் உத்தரத்தையும் இணைக்கும் கோலுக்கு வருவோம். அதன் பெயர் பிட்மேன். நேராகச் சொன்னால் ‘குழி ஆள்’. ஒரு கோலுக்கு ஏன் ஆளின் பெயர்?

இயந்திரம் வருவதற்கு முன் பெரிய மரத்தை இரண்டு பேர் அறுப்பார்கள். மரத்தைக் குழியின் மேல் கிடத்தி, ஒருவர் மேலே நின்று வாளை இழுப்பார். மற்றவர் குழிக்குள் நின்று கீழே இழுப்பார். மரத்தூள் முழுவதும் கீழே நிற்பவரின் கண்ணிலும் மூக்கிலும்தான் கொட்டும். அவர்தான் குழி ஆள். பிறகு தண்ணீரில் ஓடும் அறுவை ஆலை வந்தது. வாளைக் கீழே இழுக்கும் வேலையை ஒரு கோல் எடுத்துக்கொண்டது. ஆள் குழியை விட்டு ஏறினார். அவர் பெயர் மட்டும் அந்தக் கோலில் தங்கிவிட்டது. அங்கிருந்து எண்ணெய்க் கிணற்றுக்குப் போனது. மோட்டார் வண்டியின் ஸ்டியரிங்குக்கும் போனது. நம் ஊர் லாரிப் பட்டறையில் ‘பிட்மேன் ஆர்ம்’ என்று கேட்டுப் பாருங்கள், எடுத்துக் கொடுப்பார்கள். அது ஒரு தொழிலாளியின் பெயர் என்று அங்கே யாருக்கும் நினைவிருக்காது.

இதைவிட வியப்பான கதை டெரிக்குடையது. எண்ணெய்க் கிணற்றின் மேல் நிற்கும் உயரமான கோபுரத்தைத்தான் டெரிக் என்கிறோம். 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் டைபர்ன் என்ற இடத்தில் குற்றவாளிகளைத் தூக்கிலிடுவார்கள். அந்த வேலையைச் செய்தவரின் பெயர் தாமஸ் டெரிக். ஜனங்கள் முதலில் தூக்கிலிடுபவர் எல்லோரையும் ‘டெரிக்’ என்றார்கள். பிறகு தூக்குமரத்தையே அப்படிச் சொன்னார்கள். அந்த மரத்தின் சாயலில் இருந்ததால், கப்பலில் சரக்குத் தூக்கும் சாதனத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கடைசியில் எண்ணெய்க் கோபுரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. நானூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு கொலையாளரின் பெயரை உலகம் முழுக்கத் தினமும் உச்சரித்துக்கொண்டிருக்கிறோம்!

கப்பலில் இருந்து வந்த இன்னொரு சொல் கேட்ஹெட், பூனைத் தலை. பழைய பாய்மரக் கப்பலில் நங்கூரத்தைத் தூக்கிப் பிடிக்க முன்பக்கம் ஒரு கட்டை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முனையில் பெரும்பாலும் சிங்க முகம் செதுக்கியிருப்பார்கள். ரிக்கில் அந்தப் பெயர், கயிற்றைச் சுற்றி இழுக்கும் சுழலும் உருளைக்கு வந்தது. தளர்ந்த சட்டைக் கையோ கயிற்றின் சுருளோ அதில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். எத்தனையோ பேரின் கையை வாங்கிய உருளை அது.

மங்கிபோர்டு என்ற சொல் தெருவிலும் இருந்தது. லண்டனில் குதிரை இழுத்த பேருந்துகளில், பின்னால் நடத்துநர் தொற்றிக்கொண்டு நிற்கும் சிறு பலகைக்கு அந்தப் பெயர் இருந்தது. ரிக்கில் அது 80, 90 அடி உயரத்தில் இருக்கும் பலகை. டெரிக்மேன் அங்கே நின்றுதான் குழாய்களின் மேல் முனையைப் பிடித்துச் சாய்த்து அடுக்குவார். ரேட்ஹோலும் மவுஸ்ஹோலும் ரிக்கின் தளத்தில் உள்ள துளைகள். வேலையில்லாதபோது கெல்லி என்ற சதுரக் குழாயை நிறுத்திவைக்கப் பெரிய துளை, அடுத்து மாட்டவேண்டிய குழாயை நிறுத்திவைக்கச் சிறிய துளை. டாக்ஹவுஸ் என்பது தளத்தோரம் உள்ள சின்ன அறை. நாய்க்கூண்டு அளவுதான் இருக்கிறது என்று அதில் ஒண்டியவர்கள் கேலியாக வைத்த பெயர். தம்பி கேட்ட மிருகங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

கேசிங், பிட், ராடு என்பதெல்லாம் உங்களில் பலருக்குப் புதிதல்ல. திருச்செங்கோட்டில் இருந்து போர்வெல் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. தண்ணீருக்குப் போடும் துளைக்கும் எண்ணெய்க்குப் போடும் துளைக்கும் பல சொற்கள் பொதுவே. இன்னொன்றும் நமக்குத் தெரிந்ததுதான். கிணற்றில் வாளி விழுந்தால் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவுவோம் அல்லவா? எண்ணெய்க் கிணற்றில் உடைந்து விழுந்த கருவியை எடுப்பதற்கும் அப்படிக் கருவிகள் உண்டு. அந்த வேலைக்கு ஃபிஷிங் என்று பெயர். விழுந்த பொருள் இரும்பானாலும் அதற்குப் பெயர் மீன்!

1901 ஜனவரி 10 அன்று டெக்சாஸில் ஸ்பிண்டில்டாப் என்ற மேட்டில் எண்ணெய் வானுயரப் பீறிட்டது. நாளொன்றுக்குச் சுமார் 1,00,000 பீப்பாய் என்று கணக்கிட்டார்கள். அடக்க ஒன்பது நாள் ஆயிற்று. இடித்துத் துளைப்பதைவிடச் சுழற்றித் துளைப்பது மேல் என்று எண்ணெய் உலகம் நம்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அங்கே துளையிட்ட ஹேமில் சகோதரர்களுக்கு மணல் சரிந்து கிணறு நிற்கவில்லை. குட்டையில் மாடுகளை விட்டு மிதிக்கவைத்து, அந்தக் குழம்பைக் குழாயில் செலுத்திப் பக்கச் சுவரைக் காப்பாற்றினார்கள் என்று சொல்வார்கள். மண்சுவர் வைக்கச் சேறு மிதித்தவர்களுக்கு இந்தச் சூட்சுமம் புரியும். இன்று அதில் ரசாயனங்கள் சேர்த்து, எடை பார்த்து, ஆய்வுக்கூடத்தில் சோதிக்கிறார்கள். பெயர் மட்டும் மாறவில்லை: மட், சேறு.

பெயர்களில் பயமும் பதிந்திருக்கிறது. நடக்கும் உத்தரம் நழுவி விழுந்தால் கீழே நிற்பவரின் தலைக்குப் பாதுகாப்பாக ஒரு கட்டையை நட்டார்கள். அதற்கு ஹெட்ஏக் போஸ்ட், தலைவலித் தூண் என்று பெயர். பாறையைப் பிளக்கக் கிணற்றுக்குள் நைட்ரோகிளிசரின் இறக்கி, அதை வெடிக்கவைக்க மேலிருந்து போட்ட இரும்புக் குண்டுக்கு கோ-டெவில் என்று பெயர். பிசாசே, போ! சாவின் பக்கத்தில் நின்று வேலை செய்பவர்கள் அதைக் கேலி செய்துதான் பொழுதைக் கழித்திருக்கிறார்கள்.

படிக்காதவர்களின் வாய் அகராதியை வென்ற கதையும் உண்டு. ரிக்கில் ஒரு முறை வேலைக்கு ‘டூர்’ என்று எழுதுவார்கள். பழைய நாட்களில் அது 12 மணி நேரம். எழுத்து அதுதான். ஆனால் சொல்வது ‘டவர்’ என்று. இன்றும் அப்படித்தான். படித்த பொறியாளரும் ரிக்கில் ஏறினால் தொழிலாளி சொன்ன மாதிரியே சொல்கிறார்.

நம் நாட்டுக்கும் ஒரு கதை இருக்கிறது. அசாமில் 1889-ல் துளையிடத் தொடங்கிய இடம் டிக்பாய். 1901-ல் அங்கே சுத்திகரிப்பு ஆலையும் வந்தது. வெள்ளைக்கார அதிகாரி கூலிகளைப் பார்த்து, “டிக், பாய், டிக்!” (தோண்டு பையா, தோண்டு!) என்று கத்தியதால் ஊருக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். ஆதாரம் கேட்டால் நிற்காத கதை. ஆனாலும் அதில் ஒன்றைக் கவனியுங்கள். லண்டனில் தூக்குப்போட்டவருக்குப் பெயர் இருக்கிறது. டிக்பாய்க் கதையில் காட்டை வெட்டி, மண்ணைத் தோண்டிய வளர்ந்த ஆண்பிள்ளைகளுக்குப் பெயர் இல்லை. எல்லோரும் ‘பையா’தான்.

இனி இந்தக் காலத்துக்கு வருவோம். ரிக் தளத்தில் குழாயோடு குழாய் மாட்டித் திருகும் தொழிலாளிக்கு ரஃப்நெக் என்று பெயர். முரட்டுக் கழுத்துக்காரர். குழாயைச் சுற்றிச் சங்கிலியை வீசி, இழுத்துச் சுழற்றி முடுக்குவார்கள். கணம் தப்பினால் விரல் போகும். பழைய ரிக் ஆட்களில் விரல் இழந்தவர்கள் ஏராளம். 1970-களில் அந்த வேலையைச் செய்ய ஒரு இயந்திரம் வந்தது. அதன் பெயர் என்ன தெரியுமா? அயர்ன் ரஃப்நெக், இரும்பு ரஃப்நெக்!

குழி ஆளுக்கு நடந்ததேதான் மறுபடியும் நடந்திருக்கிறது. ஆள் விலகினார், பெயர் இயந்திரத்தில் ஏறியது. இதில் வருந்த என்ன இருக்கிறது, விரல்கள் தப்பினவே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஒரு பிள்ளையின் விரலைவிட எந்தப் பெயரும் பெரிதல்ல. அந்த இயந்திரம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்த வேலையில் சோறு தின்ற குடும்பங்களும் இருந்தன. இன்னும் நூறு ஆண்டு கழித்து ‘ரஃப்நெக்’ என்றால் இயந்திரம் என்று மட்டும்தான் பிள்ளைகள் நினைப்பார்கள். சதையும் ரத்தமுமாக ஒருவர் அங்கே நின்றார் என்பதற்கு அந்தச் சொல் ஒன்றே சாட்சியாக மிஞ்சும்.

குஜராத்தில் மெஹ்சானா பக்கம் ரயிலில் போகிறவர்கள் வயல்களில் தலையாட்டிக்கொண்டிருக்கும் எண்ணெய்ப் பம்புகளைப் பார்க்கலாம். ஆங்கிலேயர் அதைத் ‘தலையாட்டும் கழுதை’ என்பார்கள். அடுத்த முறை நின்று பாருங்கள். சாம்சன் தூண், நடக்கும் உத்தரம், முன்னால் குதிரைத் தலை, பின்னால் குழி ஆள் எல்லாம் இன்றும் அதே பெயரில் அதில் வேலை செய்கிறார்கள்.

இப்போது உங்களுக்கு வீட்டுப்பாடம். ஓய்வு பெற்றாலும் வாத்தியார் வாத்தியார்தானே! தறி, வலை, கிணறு வெட்டு, செங்கல் சூளை, போர்வெல் என்று உங்கள் அப்பாவும் தாத்தாவும் செய்த தொழிலில், கருவிகளுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர்களை எழுதி அனுப்புங்கள். ரிக்கில் இருக்கும் பிள்ளைகளே, நீங்கள் தமிழர்கள் உங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் பெயர்களையும் எழுதுங்கள். கொச்சையாக இருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். யார் சொன்னது, எந்த ஊர், என்ன வேலை செய்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நம் ஆட்களும் வெறும் ‘பையா’வாக நின்றுவிடக் கூடாது.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்